நான்கு விரற்கடை

அளவு நாளுக்கு முந்திய இரவில் நெடுந்திடலில் எந்தப் பிள்ளையும் படுப்பதில்லை. சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்தபடியே தூங்க வேண்டும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தோளில் மணல் மூட்டையும் உண்டு. படுத்தால் முதுகெலும்பு நீண்டுவிடும், விடிந்ததும் உயரம் கூடித் தெரியும் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகள் பேசத் தொடங்கும்போதே கற்றுக்கொள்ளும் பாடம்.

சலோமி விடியலில் கண் விழித்தபோது மூட்டையின் வார் கழுத்தில் அழுந்திக் கிடந்தது. தம்பி யூட் அவள் மடியில் வாயைத் திறந்தபடி சரிந்திருந்தான். அவனுக்கு எட்டு வயது. அளவு வாசலின் நிலைக்கோட்டுக்கு வெகு கீழே இருந்ததால் மூட்டை இன்னும் வரவில்லை. சலோமிக்குப் பதின்மூன்று நடந்தது. பார்ப்பவர்கள் ஒன்பது என்பார்கள். அம்மா எமல்டாவுக்கு அதைக் கேட்கக் கேட்கப் பெருமையாக இருக்கும்.

அம்மா கத்தரிக்கோலோடு வந்து பக்கத்தில் குந்தினாள். "குனி பிள்ளை."

"போன முறைதானே ஒட்ட வெட்டினீங்கள்."

"மயிரும் உயரம்தான். மயிர் எது மண்டை எது எண்டு அந்த மிஷினுக்குத் தெரியுமோ?"

வெட்டி முடித்ததும் அம்மா வழக்கம்போல இரண்டு உள்ளங்கைகளையும் மகளின் உச்சந்தலையில் வைத்து அழுத்தினாள். பூசையில் பாதிரியார் தலையில் கை வைப்பது போலத்தான் இருக்கும், அம்மாவின் கையில் முழு உடம்பின் பாரமும் இறங்கும் என்பதைத் தவிர. அதனால் ஒரு பயனும் இல்லை என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அம்மா ஒரு அளவு நாளிலும் அதைத் தவறவிட்டதில்லை. அவள் கைகளில் எப்போதும் அன்னக்கட்டியின் வாடை வீசும். நனைந்த அட்டைப்பெட்டியில் மீன்தூளைக் கொட்டியது போன்ற வாடை. ஊரே அந்த வாடையில்தான் கிடந்தது. துணியில், தலையணையில், தேவாலயத்தின் மெழுகுவர்த்தியில்கூட.

ஊருக்குப் பங்கிடப்படும் உணவுக் கட்டியான அன்னக்கட்டி கப்பலில் கடல்வழியே வரும். கடலில் சமநிலைச் சபையின் வேலி நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாத வேலி அது. கரையிலிருந்து ஒரு படகோ கட்டுமரமோ இறங்கினால் மேலே சுற்றும் பறப்பிகள் இனிமையான குரலில் மூன்று முறை எச்சரிக்கும். நாலாவது முறை பேசாது. படகு போருக்கும் உதவும் என்பதால் அது இருபயன் பொருள். வலையும் கயிறும் அப்படியே. மருந்துப் போத்தல், சுண்ணாம்புக் கட்டி, சீனி, பென்சில் எல்லாமே இருபயன், எல்லாமே தடை. சுண்ணாம்புக் கட்டியும் பென்சிலும் நின்ற வருடம் பள்ளிக்கூடமும் நின்றது. சலோமி அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்தாள்.

வடகரைக்கும் தென்கரைக்கும் நடக்கும் போர் அவள் பிறப்பதற்கு வெகு முன்பே தொடங்கியது. சபை அதை நிறுத்துவதாக ஒருபோதும் சொன்னதில்லை. ஒழுங்குபடுத்துவதாகத்தான் சொன்னது. போராளியின் வயிற்றுக்கு ஒரு பருக்கைகூடப் போகக் கூடாது, பொதுசனம் ஒருவர்கூடப் பட்டினியில் சாகக் கூடாது. சபையின் விதி அவ்வளவுதான். யார் போராளி, யார் பொதுசனம் என்று பிரிப்பதற்குத்தான் அளவு நாள். தலை நிலைக்கோட்டை எட்டிவிட்டால் அந்தப் பிள்ளை போராளி, அதற்கு அன்னக்கட்டி இல்லை.

தேவாலயத்தின் பின்பக்கம், முன்பு மீன் ஏலம் போட்ட மண்டபத்தில், வரிசை நீண்டிருந்தது. தரையைக் கிருமிநாசினி ஊற்றிக் கழுவியிருந்தார்கள். அந்த ஈரத்தில் வெறுங்கால்களோடு பிள்ளைகள் நின்றார்கள். எல்லாத் தலையும் மொட்டை, எல்லா முழங்கால்களும் லேசாக மடங்கியிருந்தன. முழங்காலை மடக்கினால் அளவு வாசல் கண்டுபிடித்துவிடும், "தயவுசெய்து நிமிர்ந்து நில்லுங்கள்" என்று சொல்லும். ஆனாலும் வரிசையில் நிற்கும்போதே பழக்கம் வந்துவிடும்.

அவர்களுக்கு முன்னால் பொனிபஸ் நின்றார். ஒரு காலத்தில் ஊரிலேயே பெரிய வள்ளம் வைத்திருந்தவர். இப்போது கை நடுங்கும். பெரியவர்களை அளப்பதற்குப் பிடிமானி என்றொரு கருவி இருந்தது. அதை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிடி இறுகினால் துப்பாக்கி பிடிக்கக்கூடிய கை, அன்னக்கட்டி இல்லை. பொனிபஸின் நடுக்கம் நோயா நடிப்பா என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அவரிடமே கேட்டால், தனக்கும் மறந்துபோய்விட்டது என்பார். எமல்டாவின் கை நடுங்கவில்லை. முப்பத்தைந்து வயது, திடமான கை. அவளுக்குக் கட்டி கிடையாது. இரண்டு பிள்ளைகளின் கட்டியில்தான் மூன்று பேர் இருந்தார்கள்.

"என்ன எமல்டா, உன்ரை மகள் போன முறையைவிடக் கட்டையாய் வந்திருக்கிறாள்? சுண்ட வைச்சு எடுத்தனியோ?"

"வாயைக் கழுவுங்கோ அண்ணை. கண்ணூறு படப்போகுது."

"கண்ணூறு பட்டா என்ன, வளர்ந்திடுவாளோ?"

வரிசை முழுக்கச் சிரித்தது. எமல்டாவும் சிரித்தாள். சலோமி சிரிக்கவில்லை. இந்தப் பகிடிக்கு ஊர் எப்போதும் சிரிக்கும், அது அவளுக்கு எப்போதும் அருவருப்பாக இருக்கும்.

யூட் பொனிபஸின் சாரத்தைப் பிடித்து இழுத்தான். "மாமா, போன மாசம் பெரிய கப்பல் ஒண்டு வந்ததே. அதில என்ன வந்தது?"

"அது சமநிலைக் கப்பலடா. துவக்கு."

"துவக்கை விடுவினமோ? பென்சிலை விடமாட்டினமே!"

"பென்சிலுக்கு ரெண்டு வேலை. எழுதலாம், கண்ணில குத்தலாம். துவக்குக்கு ஒரு வேலைதானே? பிறகு ஏன் தடுக்கப் போகினம்?"

மறுபடியும் சிரிப்பு. ஆனால் அதில் பாதி உண்மை இருந்தது. ஒரு கரைக்குக் கள்ளமாக ஆயுதம் போனால் மறுகரைக்கும் அதே அளவு கொடுக்க வேண்டும் என்பது சமநிலை ஒப்பந்தம். யாராவது ஒரு பக்கம் வென்றுவிட்டால் பேரழிவு நடக்கும் என்று சபை பயந்தது. அதனால் யாரும் வென்றுவிடாதபடி பார்த்துக்கொண்டது.

"இந்த முறை பெட்டியெல்லாம் கட்டை," என்றார் பொனிபஸ். "கரையில இருந்து பாத்துக்கொண்டிருந்தன். முந்தி நாலு பேர் தூக்குவாங்கள், இப்ப ரெண்டு பேர். சபைக்கும் காசு முட்டுப்பாடு போல."

அப்போது மண்டபத்தின் உள்ளே மணி அடித்தது. விளக்க அலுவலர் மேடையில் ஏறினாள். எங்கோ தூரத்து நாட்டுக்காரி, இளம்பெண். கழுத்தில் மொழிப்பட்டை கட்டியிருந்தாள். அவள் தன் மொழியில் முணுமுணுக்க, பட்டை அதைச் சுத்தமான தமிழில் சொல்லும். ஊரில் யாரும் பேசாத தமிழ். பாடப்புத்தகத்தைத் தண்ணீரில் அலசிக் காயப்போட்டது போல இருக்கும்.

"அன்புக்குரிய நெடுந்திடல் மக்களே. உங்கள் பொறுமைக்கு நன்றி. ஒரு நற்செய்தியும் ஒரு திருத்தமும் உண்டு. கடந்த பருவத்தில் உங்கள் ஊரில் பட்டினிச் சாவு ஒன்றுகூட இல்லை. இது மனிதகுலத்தின் வெற்றி."

அவள் கை தட்டினாள். வேறு ஒருவரும் தட்டவில்லை.

"திருத்தம் இது. இரு கரைகளிலும் பிள்ளைகளின் சராசரி உயரம் தொடர்ந்து குறைந்து வருவதைச் சபை கவனித்துள்ளது. உயரம் குறைந்தவர்களும் ஆயுதம் ஏந்துவதாகக் களத்திலிருந்து தகவல் வருகிறது. பழைய கோட்டை அப்படியே வைத்திருந்தால், ஆயுதம் ஏந்தக்கூடிய பலர் பொதுசனமாகக் கணக்கிடப்படுவார்கள். அது மறுகரைக்கு அநீதி. எனவே இன்று முதல் நிலைக்கோடு நான்கு விரற்கடை இறக்கப்படுகிறது."

அளவு வாசலின் குறுக்கே ஓடிய நீல ஒளிக்கோடு மெல்லக் கீழே இறங்கியது. ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கியது. சலோமி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கோடு அவள் உச்சிக்கு மேலே இருந்தது, பிறகு உச்சிக்கு நேராக வந்தது, நடு நெற்றியில் நின்றது.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ஒரு தாய் ஓவென்று அலறினாள். அதன் பிறகு மண்டபம் முழுக்க ஒரே கூச்சல். கூரைக்குக் கீழே தொங்கிய பறப்பி ஒன்று இனிமையான குரலில் முதல் எச்சரிக்கையைச் சொன்னது. கூச்சல் அடங்கியது.

எமல்டா வரிசையை விட்டு வெளியே போனாள். மேடைக்குக் கீழே போய் நின்றாள். "அம்மா, நான் ஒண்டு சொல்லலாமோ?"

"நிச்சயமாக. உங்கள் குரல் எங்களுக்கு முக்கியம்."

"பிள்ளையள் தானாக் கட்டையாப் போகேல்ல. நாங்கள்தான் வளரவிடேல்ல." அவள் குரல் உடைந்தது. "இந்தக் கோட்டுக்குப் பயந்து வளரவிடேல்ல. கட்டியோட மீன்பசை வரும்தானே, அதை இவளுக்கு ஒரு நாளும் குடுத்ததில்ல. பசிக்குது எண்டு அழுவாள், தண்ணியைக் குடி எண்டுவன். ஊரில எல்லாத் தாய்மாரும் அப்பிடித்தான். இது எங்கட பிழை. பிள்ளையளின்ர உயரம் இல்ல இது. கோட்டைத் திரும்ப ஏத்துங்கோ."

மீன்பசை எங்கே போனது என்று அம்மா சொல்லவில்லை. அது அம்மாவின் வயிற்றுக்குள்தான் போனது. சலோமி அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, விரலை வழித்து வழித்துத் தின்பாள். அவளும் சாகாமல் இருக்க வேண்டுமே. அது சலோமிக்குத் தெரியும். தெரிந்தாலும் அந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம் அவள் எழுந்து வெளியே போய்விடுவாள்.

விளக்க அலுவலரின் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. கண்கூடக் கலங்கியது. "பகிர்ந்துகொண்டதற்கு நன்றி. இது மிக முக்கியமான தகவல். அளவீட்டை மக்கள் திட்டமிட்டுத் திரிக்கிறார்கள் என்று நாங்கள் சந்தேகித்தோம், சான்று இருக்கவில்லை. இதை அடுத்த மீளாய்வில் கருத்தில் கொள்வோம்."

"அப்பிடியெண்டா ஏத்துவீங்களோ?"

"இல்லை. திரிப்பு இருக்குமானால் உண்மையான ஆயுதத் திறன் அளவீடு காட்டுவதைவிட அதிகம் என்று பொருள். கோடு இன்னும் இறங்க வாய்ப்புண்டு."

எமல்டா வரிசைக்குத் திரும்பினாள். "ஏனடி கதைச்சனி?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் சீறியது. சற்று முன் அலறிய அதே தாய்.

வரிசை மீண்டும் நகர்ந்தது. வேறு என்ன செய்வது? கட்டி வேண்டுமானால் வாசலுக்குள் போயாக வேண்டும். பொனிபஸ் பிடிமானியைப் பிடித்து நடுங்கினார், தன் கட்டியை வாங்கினார், திரும்பிப் பார்க்காமல் போனார். யூட் வாசலில் நின்றான். பச்சை விளக்கு எரிந்தது. ஆனால் நீலக்கோடு அவன் மொட்டைத் தலைக்கு மேலே ஒரு சாண்கூட இல்லை. போன முறை அது எட்டாத உயரத்தில் இருந்தது.

சலோமி போய் நின்றாள். முழங்காலை மடக்கவில்லை. மடக்கி என்ன ஆகப்போகிறது?

"உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி," என்றது வாசல். சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் அவள் பெயர் வந்து, பக்கத்தில் 'இருபயன் நபர்' என்று எழுந்தது. படகைப் போல, கயிற்றைப் போல, சீனியைப் போல. அன்னக்கட்டி வாங்கும் அடையாளமாக மணிக்கட்டில் கட்டியிருந்த பச்சை வார் தானாகக் கழன்று தரையில் விழுந்தது. வாரின் கீழே இருந்த தோல் வெள்ளையாக, நனைந்த புழுவைப் போல இருந்தது.

விளக்க அலுவலர் மேடையிலிருந்து இறங்கி அவளிடம் வந்தாள். குனிந்து, அவள் கன்னத்தைத் தொட்டாள். பிறகு சட்டைப்பையில் கை விட்டு, மினுங்கும் தாளில் சுற்றிய இனிப்பு ஒன்றை எடுத்தாள். சலோமி கையை நீட்டினாள். உடனே அந்தப் பெண்ணின் மொழிப்பட்டை மெல்ல அதிர்ந்து எச்சரித்தது. 'சீனி. இருபயன் பொருள். பெறுநர் தகுதியற்றவர்.' அவள் முகம் சிவந்தது. "என்னை மன்னித்துவிடு," என்றது பட்டை. இனிப்பு மறுபடியும் பைக்குள் போனது.

சலோமியின் கை சற்று நேரம் அப்படியே நீண்டிருந்தது. கையை நீட்டினோமே என்றுதான் அவளுக்குப் பிறகு அதிகம் கூசியது.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அம்மா ஒரே ஒரு கட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். பிறகு சுவரோரம் கிடந்த மணல் மூட்டையை எடுத்தாள். அது சலோமியின் மூட்டை. வாரைச் சுருக்கி முடிச்சுப் போட்டாள். யூட்டைக் கூப்பிட்டாள்.

"இஞ்ச வா ராசா. சுவரோட இரு."

"எனக்கு மூட்டை வேண்டாம் அம்மா. நான் சின்னப் பிள்ளை."

"கொஞ்ச நேரம்தான். பழகிடும். அக்காவைப் பார், அவள் ஒரு நாளும் அழுததில்ல."

சலோமி அழுதிருக்கிறாள். யூட்டின் தோளில் மூட்டை ஏறியதும் அவன் இடதுபக்கம் சரிந்தான். அம்மா நிமிர்த்தி வைத்தாள். பிறகு அவன் உச்சந்தலையில் இரண்டு கைகளையும் வைத்தாள்.

"விடுங்கோ அவனை," என்றாள் சலோமி.

"உனக்கு விசரோ? அடுத்த பருவத்துக்குள்ள இன்னும் இறக்கினா இவனும் போயிடுவான். பிறகு மூண்டு பேரும் மண்ணைத்தான் தின்ன வேணும்."

"நீங்கள் எல்லாரும் பிள்ளையளை அமுக்கினதாலதான் கோடு இறங்கினது. நீங்கள் அமுக்க அமுக்க அவங்கள் இறக்கிக்கொண்டே வருவாங்கள். அந்தப் பொம்பிளை சொன்னது உங்களுக்குக் கேக்கேல்லயோ?"

"கேட்டது. அப்ப வளரவிடட்டோ? வளரவிட்டா நாளைக்கே சிவப்பு. சொல்லு, என்ன செய்யிறது? நீ கெட்டிக்காரிதானே, சொல்லு பாப்பம்!"

யூட் மூட்டையின் கீழிருந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஒரு கட்டியில மூண்டு பேர் இருக்கேலாது," என்றாள் சலோமி கடைசியில். "நான் படைக் குசினிக்குப் போறன்."

அம்மா கையை எடுத்தாள். போகாதே என்று சொல்வாள் என்று சலோமி காத்திருந்தாள். அம்மாவின் கண்கள் ஒரு கணம் பூட்டிய பெட்டியின் பக்கம் போய்த் திரும்பின. அம்மா அதை வேண்டுமென்று செய்யவில்லை. கண்கள் தாமாகவே போய் வந்தன.

"கவனமாய்ப் போ பிள்ளை," என்றாள்.

நெடுந்திடலில் சிவப்பு விளக்கு எரிந்த பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்துக்குத்தான் போனார்கள். வேறு இடம் இருக்கவில்லை. அன்னக்கட்டி இல்லை, கடல் இல்லை, விதை நெல் இல்லை. தம் கரையின் படையிடம் மட்டும் சாப்பாடு இருந்தது. அது எப்படி வேலியைக் கடந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. படைக்கு ஆள் பிடிக்க வேண்டிய தேவையே இப்போது இல்லை. முன்பு வீடு வீடாக வந்தார்களாம், தாய்மார் ஒளித்து வைத்தார்களாம். இப்போது ஒவ்வொரு அளவு நாள் மாலையிலும் பழைய உப்பளத்துக் கொட்டகையின் வாசலைத் திறந்துவைத்து, ஒரு பெரிய பானையை அடுப்பில் ஏற்றினால் போதும்.

அன்று வாசலில் இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நின்றார்கள். வழக்கமாக மூன்று நான்கு பேர் வருவார்களாம். குசினியில் சமைத்துப் போட்ட பெண்ணுக்குப் பெயர் சின்னமணி. பருத்த உடம்பு, சிரித்த முகம். அவள் ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் போதுமான தட்டுகளை முன்கூட்டியே கழுவி அடுக்கி வைத்திருந்தாள்.

"வாங்கோ, வாங்கோ. பேர் சொல்லுங்கோ, இருங்கோ, சாப்பிடுங்கோ. இஞ்ச ஒருத்தரும் அளக்க மாட்டினம்."

சோறு. கட்டியாக இல்லாத, ஆவி பறக்கும் சோறு. மேலே சிவப்பாக மீன் குழம்பு, முழுத் துண்டு மீன். சலோமி முதல் கவளத்தை விழுங்கியதும் வயிறு அதைத் திருப்பி அனுப்பியது. கொட்டகைக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அங்கே ஏற்கெனவே நாலைந்து பிள்ளைகள் குனிந்து நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். உப்பு மண்ணில் வெள்ளைச் சோறு சிதறிக் கிடந்தது. ஒருத்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கீழே குனிந்தாள். சலோமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது ஒரு இளைஞன் சுவரோரப் பெட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தான். கட்டையான பெட்டிகள். எண்ணெய்த் தாளைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினான். அவள் கையில் வந்தது பாரமாகவும் குளிராகவும் இருந்தது. அவன் அதன் அடிப்பகுதியை அவள் தோளில் பொருத்திக் காட்டினான். விரல் தானாகப் போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது. கழுத்தைச் சாய்க்க வேண்டியிருக்கவில்லை, கையை எக்க வேண்டியிருக்கவில்லை.

"பழையதைவிடக் கட்டையோ?" என்று கேட்டாள்.

"ஓம். நாலு விரல் குறைவு. புது மாதிரி. போன மாசம்தான் வந்தது."

போன மாதம். கோடு இறங்கியது இன்று காலை.

அவள் துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் சமநிலைச் சபையின் முத்திரை இருந்தது. அளவு வாசலில் இருக்கும் அதே முத்திரை, இரண்டு தட்டுகளும் நேராக நிற்கும் தராசு. இவளுடைய உயரத்தை இவளுக்கு முன்பே தெரிந்துகொண்ட யாரோ, எங்கோ ஒரு சுத்தமான மேசையில் உட்கார்ந்து, இந்தக் கட்டையை அளந்து வெட்டியிருக்கிறார்கள். அம்மா அவளுக்குச் சட்டை தைக்கும்போதுகூட இவ்வளவு கச்சிதமாக அளந்ததில்லை. நாளைக்கு யூட்டின் அளவுக்கும் வெட்டுவார்கள். ஒருவேளை வெட்டி முடித்திருப்பார்கள். எங்கோ ஒரு கப்பலில் அது வந்துகொண்டிருக்கிறது.

அவள் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். சோறு ஆறியிருந்தது. சின்னமணி அதை எடுத்துக் கொட்டிவிட்டுச் சூடாக வேறு போட்டாள். மீன் இரண்டு துண்டு வைத்தாள்.

"கொஞ்சம் கொஞ்சமா மென்று விழுங்கு பிள்ளை. நிறையச் சாப்பிட வேணும். நீ வளர வேணுமெல்லோ?"

வளர வேண்டும் என்று பதின்மூன்று வருடத்தில் அவளிடம் யாரும் சொன்னதில்லை. கண் நிறைந்துவிட்டது. உடனே, அப்படி நிறைந்ததை நினைத்து அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. பல்லைக் கடித்து அதை அடக்கினாள். இந்த முறை வாந்தி வரவில்லை. கவளத்தை மென்றாள், விழுங்கினாள், இன்னொன்றை உருட்டினாள்.

தட்டு காலியானதும் அவள் கை தானாக நீண்டது. சின்னமணி சிரித்துக்கொண்டே அகப்பையை எடுத்தாள்.